சொல் விளக்கம்: ஞாபகம்

தன் வாழ்க்கையை எழுத உட்காருகிறவர்களில் பலர் இளமைப் பருவத்துக்கு வந்ததும் ஒரு வாக்கியத்தை எழுதிவிடுகிறார்கள்: 'எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.' அதற்குப் பிறகு வருவதை நாம் கேள்வி கேட்பதில்லை. பாட்டி வீட்டுத் திண்ணை, அடைமழை, அப்பாவின் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து போன பயணம் எல்லாம் நடந்தபடியே நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். அந்த வாக்கியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தக் கேள்விக்கான விடையில் பாதி 'ஞாபகம்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஞாபகம் வடசொல். 'ஜ்ஞா' என்ற வேருக்கு அறிதல் என்று பொருள். ஞானம், விஞ்ஞானம் ஆகியவையும் அந்த வேரில் கிளைத்தவைதான். அந்த வினையைப் பிறவினை ஆக்கினால் 'அறியச் செய்தல்' ஆகும். அதிலிருந்து வந்தது 'ஜ்ஞாபக': அறிவிப்பது, குறிப்பால் உணர்த்துவது. இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் 'தேர்தல் விஞ்ஞாபனம்' என்ற தொடரைப் பார்த்திருப்பீர்கள். கட்சி மக்களுக்கு அறியத் தரும் அறிக்கை அது. அதுவும் இதே குடும்பத்துச் சொல். வடமொழியில் நினைவைச் சொல்ல ஸ்மிருதி, ஸ்மரணம் என்ற சொற்கள் உண்டு. தமிழில் மட்டுமின்றித் தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்று ஞாபகம் என்றால் நினைவுதான்.

பழைய பொருள் நம் இலக்கண நூல்களில் இன்னும் அப்படியே இருக்கிறது. நூல் எழுதுவதற்குத் தொல்காப்பிய மரபியல் அடுக்கும் 32 உத்திகளில் 'ஞாபகம் கூறல்' ஒன்று. அங்கே அதற்கும் நினைவுக்கும் தொடர்பு இல்லை. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல், காரணத்தைச் சொல்லும் ஏது அணியைப் பிரிக்கும்போது காரக ஏது, ஞாபக ஏது என்று இரண்டாகச் சொல்கிறது. ஒன்றை உண்டாக்கும் காரணம் காரகம். ஒன்றை அறியவைக்கும் காரணம் ஞாபகம். நெருப்பு புகையை உண்டாக்குகிறது. புகை நெருப்பை அறிவிக்கிறது. அந்த நூலின் மூலத்தை வடமொழியில் எழுதிய தண்டி காட்டும் எடுத்துக்காட்டு அழகானது: கதிரவன் மறைந்துவிட்டான், நிலவு ஒளிர்கிறது, பறவைகள் கூடு திரும்புகின்றன. இவற்றைச் சொன்னால் பொழுது என்ன என்று நாமே உணர்ந்துகொள்கிறோம். பறவைகள் மாலைப்பொழுதை உண்டாக்கவில்லை, அறிவித்தன.

'எனக்கு ஞாபகம் இருக்கிறது' என்பதை இந்தப் பொருளில் படித்துப் பாருங்கள். 'என்னிடம் ஒரு புகை இருக்கிறது, எங்கோ ஒரு நெருப்பு இருந்திருக்க வேண்டும்' என்று ஆகிறது. இளமை நினைவை எழுதுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் கிடைக்காது.

என் இடது புருவத்துக்கு மேல் அரிசி நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அது வந்த கதையை நெடுங்காலம் இப்படித்தான் சொல்லிவந்தேன். கிணற்றடி. துவைகல்லைச் சுற்றிச் சோப்பு நுரை. கப்பி கிரீச்சிடுகிறது. மூன்று வயதுப் பிள்ளை வழுக்கி விழுகிறது. நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்தில் இறங்குகிறது. அம்மா ஓடிவந்து ஒரு பிடி காபிப்பொடியை அள்ளிக் காயத்தில் அப்புகிறாள். அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். "கிணற்றடியா? நீ விழுந்தது பழைய வாடகை வீட்டு நிலைப்படியில். கிணறு இருந்த வீட்டுக்கு நீங்கள் குடிபோகும்போது உனக்கு ஐந்து வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தது உன் சித்தப்பா மகன்." காபிப்பொடி? "அது உண்மைதான். ஆனால் வைத்தது நான். உன் அம்மா ரத்தத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்."

அன்று இரவு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. என் நெற்றியில் ரத்தம் வழிவது அந்தக் காட்சியில் எனக்குத் தெரிகிறது. தன் நெற்றியை யாரால் பார்க்க முடியும்? கிணற்றடியில் கண்ணாடி இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு பிள்ளையை. தழும்பு என்னுடையது, வாசனை என்னுடையது, கிணறு சித்தப்பா மகனுடையது.

நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1933இல் லண்டனில் பிறந்தவர். தன் இளமைக் காலத்தைப் பற்றி 2001இல் வெளியிட்ட நூலில், போர்க்காலத்தில் விழுந்த இரண்டு குண்டுகளை விவரித்திருந்தார். முதல் குண்டு பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழுந்து வெடிக்காமல் கிடந்தது. தெருவே இரவு உடையில் பூனை நடை நடந்து வெளியேறியது. இரண்டாவது எரிகுண்டு. வீட்டுக்குப் பின்னால் விழுந்து வெள்ளை வெளிச்சத்தோடு எரிந்தது. அப்பா கைப்பம்பை இயக்க, அண்ணன்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் பட்டதும் அது சீறி, உருகிய உலோகத்தைத் தெறித்தது.

நூல் வந்த பிறகு அண்ணன் மைக்கேல் அவரிடம் சொன்னார்: முதல் குண்டு நீ எழுதியபடியேதான். இரண்டாவதை நீ பார்க்கவே இல்லை. அப்போது நாம் இருவரும் வெளியூரில் விடுதிப் பள்ளியில் இருந்தோம். மூத்த அண்ணன் டேவிட் அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதினான். நீ அதில் அப்படியே மயங்கிப்போனாய். சாக்ஸ் திகைத்துப்போனார். உண்மை தெரிந்த பிறகும் இரண்டாவது காட்சியின் தெளிவு கொஞ்சமும் குறையவில்லை. ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. முதல் குண்டை நினைக்கும்போது மெல்லிய இரவு உடையில் குளிரில் நடுங்கும் சிறுவனாக, பெரியவர்களின் முகம் பார்க்கக் கழுத்தை அண்ணாந்து நிற்பவனாகத் தன்னை உணர்ந்தார். இரண்டாவதில் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியவில்லை. இதைப் படித்தபோது என் நெற்றி ரத்தம்தான் கண்முன் வந்தது.

குழந்தை மனத்தைப் பற்றியே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ழான் பியாஜேயும் தப்பவில்லை. தன்னைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாதி தள்ளிச் சென்றபோது ஒருவன் கடத்த முயன்றதாகவும், அவள் போராடி முகத்தில் கீறல் பட்டதாகவும் அவருக்குக் கண்முன் நின்றாற்போல ஒரு காட்சி இருந்தது. அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அந்தத் தாதி எழுதிய கடிதம் வந்தது. எல்லாம் தான் கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டு, பரிசாக வாங்கிய கடிகாரத்தையும் திருப்பித் தந்திருந்தாள். பெற்றோர் நம்பிச் சொன்ன கதையைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளை அதைக் கண்டதாக ஆக்கிக்கொண்டது.

கேட்டதைக் கண்டதாக எண்ணிவிடுவதுதான் இளமை நினைவில் நேரும் பெரிய தவறு. பெரும்பாலோருக்கு மூன்று மூன்றரை வயதுக்கு முந்தைய நினைவே தங்குவதில்லை. அந்த வெற்றிடத்தை வீட்டார் சொன்ன கதைகளும் புகைப்படங்களும் நிரப்புகின்றன. இந்த இடத்தில்தான் தமிழிடம் ஒரு சிறிய அரிய கருவி இருக்கிறது: 'ஆம்'. 'மழை பெய்தது' என்றால் நான் அறிந்தது. 'மழை பெய்ததாம்' என்றால் யாரோ சொல்லிக் கேட்டது. ஒரே அசை. அதைவிட வியப்பு, இதைத் தன்மையிலும் சொல்லலாம்: 'நான் விழுந்தேனாம்.' விழுந்தது நானேதான், ஆனால் அறிந்தது பிறர் வாய்மொழியால். இதைச் சொல்லப் பல மொழிகளில் ஒரு தனி வாக்கியமே வேண்டும். நம் பாட்டிகள் 'ஆம்' வைத்துத்தான் கதை சொன்னார்கள். நாம் வளர வளர அந்த 'ஆம்' உதிர்ந்துவிடுகிறது. 'விழுந்தேனாம்' என்பது 'விழுந்தேன்' ஆகிறது. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை, ஓர் அசை தொலைந்திருக்கிறது.

இனி, ஞாபகத்துக்குத் தமிழ்ச்சொல் எது? நினைவு என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் நினைத்தல் என்பதற்கு எண்ணுதல், நினைவுகூர்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. 'வருவான் என்று நினைத்தேன்' என்பது எண்ணம். 'ஊரை நினைத்துக்கொண்டேன்' என்பது நினைவு. பழந்தமிழின் 'உள்ளல்' என்ற சொல்லும் அப்படியே. 'உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்' (596) என்ற குறளில் அது வருங்காலத்தை நோக்கிய எண்ணம். 'மறப்பறியேன் உள்ளினும் உள்ளம் சுடும்' (1207) என்னும்போது அது பிரிந்தவரைப் பற்றிய நினைவு. கற்பனைக்கும் நினைவுக்கும் இடையே தமிழ் சுவர் எழுப்பவில்லை. இது மொழியின் குறை என்று நான் கருதவில்லை. மனம் வேலை செய்யும் விதத்தை அந்தச் சொற்கள் அறிந்திருக்கின்றன.

நினைவை வைத்து எழுதும் நூல்வகையை ஆங்கிலத்தில் 'மெமாயர்' என்பார்கள். பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'மெமுவார்' பெண்பாலாக வந்தால் நினைவு, ஆண்பாலாக வந்தால் எழுதித் தரும் குறிப்பு அல்லது அறிக்கை. இதற்குத் தமிழில் பல பெயர்கள் புழங்குகின்றன. சுயசரிதை, தன்வரலாறு இரண்டும் முழு வாழ்க்கையைச் சொல்பவை. 'வரலாறு' என்ற சொல் சான்றுகளையும் கேட்கும். உ.வே.சாமிநாதையர் 1855இல் பிறந்து, 1940இல் தொடங்கி ஆனந்த விகடனில் எழுதிவந்த வாழ்க்கைக் கதைக்கு 'என் சரித்திரம்' என்று பெயர். தம் ஊர் உண்டான கதையோடு அது தொடங்குகிறது. தஞ்சை அரசர் ஏகாதசியன்று மறந்து வெற்றிலை போட்டுவிட்டதற்குப் பரிகாரமாக அமைந்த ஊர் என்பது கதை. அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தியது. செவிவழியாக வந்தது என்பது படிக்கிறவருக்கும் தெரியும், எவரும் ஏமாறுவதில்லை. நினைவலைகள், மலரும் நினைவுகள் போன்ற பெயர்கள் நினைவின் இனிமையைச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த சொல் 'நினைவுக் குறிப்பு'. குறிப்பு என்றால் எழுதிவைத்தது. பிரெஞ்சு ஆண்பாற்சொல்லின் பொருள் அதில் வந்துவிடுகிறது. குறிப்பு என்றால் சாடையாக உணர்த்துவதும் ஆகும். குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பிலேயே இரண்டு அதிகாரங்கள் உண்டு, பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. முகத்தைப் பார்த்து உள்ளத்தை அறிவது அங்கே பேசப்படுகிறது. ஞாபகம் என்ற சொல் இழந்துவிட்ட பழைய பொருளைக் குறிப்பு என்ற சொல் இன்னும் வைத்திருக்கிறது. சிறு வயதைப் பற்றி எழுதும் நூலுக்கு இந்தப் பெயர் மிகவும் பொருந்தும்.

மேரி மெக்கார்த்தி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1957இல் தன் இளமைக் காலத்தை நூலாக்கியபோது, அத்தியாயங்களை ஒட்டித் தனிப் பகுதிகள் சேர்த்தார். இது நடந்தது, இது சந்தேகம், இந்த உரையாடல் நான் அமைத்தது, உறவினர் இதை வேறாகச் சொல்கிறார் என்று அவற்றில் பிரித்துக் காட்டினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 'ஆம்' இருக்கிறது, 'போலும்' இருக்கிறது, 'என்று சொல்வார்கள்' இருக்கிறது. அவற்றை அழகு குறையும் என்று அஞ்சி நீக்காமல் இருந்தால் போதும்.

என் தழும்பைப் பற்றி இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்: மூன்று வயதில் வாடகை வீட்டு நிலைப்படியில் விழுந்தேனாம். அம்மா உட்கார்ந்துவிட்டாராம். பெரியம்மாதான் காபிப்பொடி அப்பினாராம். அந்த வாசனை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு கிணற்றடியும் ஞாபகம் இருக்கிறது. அந்த வீட்டில் கிணறு இல்லை.