கடும் நச்சா, உடனடி நச்சா?

பூச்சிமருந்துப் புட்டியின் லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பதை முடிவுசெய்யும் சோதனைகளில் ஒன்று, அந்த மருந்தை எலிக்கு வாய்வழியே கொடுத்துப் பார்ப்பது. கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராமுக்குள்ளேயே பாதி எலிகள் செத்துவிடும் என்றால் சிவப்பு. ஆங்கிலத்தில் இதை 'அக்யூட் ஓரல் டாக்சிசிட்டி' என்பார்கள். தமிழில் 'கடும் வாய்வழி நச்சுத்தன்மை' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு அந்தக் 'கடும்' உறுத்துகிறது.

'அக்யூட்' லத்தீனில் கூர்மையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நஞ்சியலில் அதன் பொருள் காலம் பற்றியது: ஒரே தடவையாகவோ 24 மணி நேரத்துக்குள் சில தடவையாகவோ உள்ளே போன பொருள் செய்யும் கேடு. அது கொடியதா, லேசானதா என்பது வேறு கேள்வி. சாப்பாட்டு உப்புக்குக்கூடப் பாதி எலிகளைக் கொல்லும் அளவு என்ற கணக்கு உண்டு; எலிக்குக் கிலோவுக்குச் சுமார் 3000 மில்லிகிராம். உப்பைக் கடும் நஞ்சு என்று யார் சொல்வார்கள்?

பழந்தமிழில் 'கடு' என்றாலே நஞ்சுதான். விரைவும் அதில் இருந்தது. 'கடுமான்' என்றால் விரைந்தோடும் குதிரை. அதன் உறவான 'கடி'க்குத் தொல்காப்பியம் தரும் பத்துப் பொருள்களில் கூர்மையும் விரைவும் உண்டு. அழகான பொருத்தம். ஆனால் கடும் வெயில், கடும் காய்ச்சல் என்று பேசும் நமக்கு இன்று மிகுதி மட்டுமே கேட்கிறது.

சோதனையைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். எலியை இரவு பட்டினி போடுவார்கள், தண்ணீர் உண்டு. காலையில் எடை பார்த்து, முனை உருண்ட ஊசிக்குழாயை வாய்வழியே இரைப்பைவரை இறக்கி மருந்தைச் செலுத்துவார்கள். முதல் அரைமணி நேரத்தில் ஒரு தடவையாவது பார்ப்பார்கள், முதல் நான்கு மணி நேரம் தனிக் கவனிப்பு: நடுக்கம், எச்சில் வடிதல், வலிப்பு. அப்புறம் 14 நாள். முன்பு எலிகள் நிறைய செத்தன. அந்தப் பழைய முறையை, சோதனை வழிகாட்டுதல்களை வகுக்கும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2002இல் கைவிட்டது. இப்போது அதன் 423ஆம் வழிகாட்டுதலில் மருந்தளவின் ஒரு படிக்கு மூன்று எலி போதும்.

கொடுப்பது ஒரே தடவை என்பதால் 'உடனடி வாய்வழி நச்சுத்தன்மை' என்பதே என் தேர்வு. 'குறுங்கால' என்றால் தினமும் மருந்து கொடுத்துப் பார்க்கும் 28 நாள் சோதனையோடு குழம்பும். எதிர்ச்சொல்லாக 'நாட்பட்ட நச்சுத்தன்மை' ஏற்கெனவே இருக்கிறது. லேபிள் சாய்சதுரத்தின் பச்சைக் கீழ்ப்பாதி சொல்வது உடனடி நச்சைப் பற்றி மட்டுமே. நாட்பட்ட நச்சைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.