கரண்ட் போனால் இங்கே என்ன செய்வீர்கள்?

கோவையில் ஒரு மருத்துவமனையில் பதினெட்டு வருடம் கருவிகளைப் பழுது பார்த்துவிட்டு, 2022-ல் பதினோரு மாதம் ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டுக்குத் தன்னார்வலராகப் போனேன். தெற்குப் பக்கம் ஒரு மாவட்ட மருத்துவமனை. கிளம்பும்போது கொஞ்சம் தெனாவட்டாகத்தான் கிளம்பினேன். 2012-ல் நாளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கரண்ட் இல்லாமல் காலம் தள்ளிய ஊர்க்காரனுக்குப் பவர்கட்டைப் பற்றி யார் பாடம் எடுப்பது?

இரண்டாவது வாரத்திலேயே தெனாவட்டு இறங்கிவிட்டது. 2012-ல் எங்களுக்கு கரண்ட் மட்டும்தான் போனது. மற்றதெல்லாம் இருந்தது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் வந்துகொண்டே இருந்தது, காந்திபுரம் போனால் வேண்டிய கெபாசிட்டர் கிடைத்தது, கம்பெனிக்கு போன் போட்டால் மறுநாள் ஆள் வந்தார். நான் சமாளித்தேன் என்று பெருமைப்பட்டதெல்லாம் உண்மையில் என் முதுகுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடுகள் சமாளித்தது.

ஆப்பிரிக்கப் பக்கம் சேவைக்குப் போகிறேன், என்ன எடுத்துக்கொண்டு போகட்டும் என்று இப்போது மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். ஆசிரியர்கள், நர்ஸுகள், ஐ.டி. வேலையில் ஒரு வருடம் லீவு போட்டவர்கள். பவர் பேங்க், சோலார் சார்ஜர் என்று ஒரு பட்டியலும் கையில் வைத்திருப்பார்கள். பட்டியல் இருக்கட்டும். போய் இறங்கியதும் அங்கிருப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “கரண்ட் போனால் இங்கே என்ன செய்வீர்கள்?” எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இரண்டு மாதம் ஆனது.

மலாவியின் மின்சாரத்தில் பெரும்பங்கு ஷீரே என்ற ஒரே நதியிலிருந்து வருகிறது. மலாவி ஏரியில் புறப்பட்டுத் தெற்கே இறங்கும் நதி. மின் நிலையங்கள் வரிசையாக அதன்மேலேயே நிற்கின்றன. 2022 ஜனவரியில் அனா புயல் அடித்தபோது கபிச்சிரா அணை சேதமாகி, 129.6 மெகாவாட் நிலையம் நின்றுபோனது. நாட்டின் மின் உற்பத்தியில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நான் போய்ச் சேர்ந்தது இதெல்லாம் நடந்து சில வாரம் கழித்து. சிச்சேவா மொழியில் மின்சாரத்துக்கு ‘மகெட்சி’ என்பார்கள். வணக்கம், நன்றிக்கு அடுத்து நான் கற்றுக்கொண்ட சொல் அதுதான்.

குழந்தைகள் வார்டில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர்கள் வைத்து ஓட்டினோம். உள்ளே ஜியோலைட் மணிகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜனாக வெளியே வரும். லாரியில் சிலிண்டர் வரக் காத்திருக்க வேண்டாம். வரப்பிரசாதம் என்று சொல்வது சரிதான். ஆனால் கரண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

இரவில் கரண்ட் போனால் எனக்கு உடனே தெரிய வேண்டும் என்று ஒரு வேலை செய்தேன். ஒரு ஜிஎஸ்எம் மோடம், ஒரு சின்ன போர்டு, மூன்று பேட்டரி. கரண்ட் போன ஐந்தாவது வினாடி என் போனுக்கும் பராமரிப்புப் பிரிவுப் பெரியவரின் போனுக்கும் எஸ்எம்எஸ் வந்துவிடும். அவரை எல்லோரும் ‘பம்போ’ என்பார்கள், நம் ஊர் ‘ஐயா’ மாதிரி. பம்போ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் அருமையாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு கரண்ட் போனது. செய்தி வந்தது, ஜெனரேட்டரைப் போட்டோம், வந்து படுத்தேன். நள்ளிரவுக்கு மேல் டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றிருக்கிறது. அதற்குள் செல்போன் டவரின் பேட்டரியும் காலி. என் கருவி அனுப்பிய எஸ்எம்எஸ் எங்கும் போய்ச் சேரவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து, போனில் ஒரு கோடு கூட சிக்னல் இல்லாததைப் பார்த்து, வயிறு கலங்கி வார்டுக்கு ஓடினேன்.

உள்ளே சத்தமே இல்லை. கான்சென்ட்ரேட்டர் ஓடும் இரைச்சல் இல்லாததால் அப்படித் தோன்றியது. இரவு சிஸ்டர் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். நான்கு குழந்தைகளுக்கும் மூக்குக் குழாயில் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தது, சிலிண்டரிலிருந்து. அது சுவரோரம் சங்கிலி போட்டு நின்றது. அதன் கழுத்தில் வால்வைத் திறக்கும் சாவி பச்சைத் துணி நாடாவில் தொங்கியது. ஆபரேஷன் தியேட்டரில் கிழிந்துபோன துணியிலிருந்து எடுத்த நாடா. கை பட்டுப் பட்டு முடிச்சு கறுத்திருந்தது. சிலிண்டரின் மேல் சாக்பீஸால் நிமிடத்துக்கு 4 லிட்டர் என்றும், பக்கத்தில் 6 மணி நேரம் என்றும் எழுதியிருந்தது. மனதுக்குள் போட்டுப் பார்த்தேன்: 1,500 லிட்டர் சிலிண்டர், குழந்தைக்கு ஒரு லிட்டர் வீதம் நான்கு பேருக்கு நான்கு லிட்டர், மொத்தம் 375 நிமிடம். சரியாகத்தான் இருந்தது.

சாவியை எப்போதிலிருந்து இப்படிக் கட்டி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். “ஒரு முறை சாவி கிடைக்கவில்லை” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

என் கருவியில் தொழில்நுட்பக் குறை ஒன்றுமில்லை. ஆனால் வார்டில் இல்லாத இரண்டு பேருக்குச் சேதி சொல்லும் கருவி அது. வார்டிலேயே இருக்கும் சிஸ்டருக்கு கரண்ட் போனது தெரிய எஸ்எம்எஸ் எதற்கு? அவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு சிலிண்டரும், கசியாத ரெகுலேட்டரும். மறுநாளிலிருந்து ரெகுலேட்டர்களைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். ஐந்தில் இரண்டு கசிந்தன. வாஷர் தேய்மானம்தான்.

இனி கொஞ்சம் தொழில் விஷயம். அங்கே என் மேஜைக்கு வந்த எரிந்த போர்டுகளில் பெரும்பாலானவை கரண்ட் போனபோது எரியவில்லை, திரும்பி வந்தபோது எரிந்தவை. 230 வோல்ட் என்பது பெயருக்குத்தான். கரண்ட் வந்த முதல் ஓரிரு நிமிடம் என் மல்டிமீட்டரில் 170-க்கும் 280-க்கும் நடுவே ஆடியதைப் பார்த்திருக்கிறேன். தாழ்ந்த வோல்டேஜில் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் திணறிச் சூடாகும், ஏறும்போது பவர் சப்ளை வெடிக்கும். அதனால் கரண்ட் போனதும் முதல் வேலை எல்லா சுவிட்சையும் அணைப்பது. வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுப்பது. பம்போ ஒரு குண்டு பல்பை மட்டும் எரிய விட்டு வைப்பார். அது துடிக்காமல் நின்ற பிறகுதான் மற்ற சுவிட்சைத் தொடுவார். ஃபிரிட்ஜுக்கும் லேப்டாப்புக்கும் இதே வழக்கம் போதும். மழைக்காலத்தில் இடி நெருங்கும் முன்பே பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் உருவிவிடுங்கள். பிளக்கை உருவிவிட்டு அதை மறந்தவர்கள் நிறைய.

மலாவியில் பிரிட்டிஷ் பாணிச் சதுரப் பின் பிளக். அதற்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கும். நம் ஊர் உருண்டைப் பின் பிளக்கில் அது கிடையாது என்பதால் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. செத்துப்போச்சு என்று ஓரங்கட்டியிருந்த, சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷினை இரண்டு மணி நேரம் அக்கக்காகப் பிரித்து வைத்திருந்தேன். பம்போ வந்து பிளக்கைத் திறந்து ஃபியூஸை மாற்றிவிட்டுப் போனார். இன்னொரு மெஷினில் ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. அது அவருடைய ஏற்பாடுதான். அதற்கு நான் சண்டையே போட்டேன். அங்கிருப்பவர்கள் செய்வதெல்லாம் சரி என்று தலையாட்டுவதும் ஒருவகையில் அவர்களை மதிக்காததுதான். நகரத்துக்குப் போன அடுத்த முறை இரண்டு பெட்டி ஃபியூஸ் வாங்கி வந்தேன். வெள்ளித்தாள் வேலை நின்றது.

சின்னப் பழுதுக்காகக் கருவிகள் ஓரங்கட்டப்பட்டுக் கிடப்பது என் ஒருவன் அனுபவம் இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மால்கின் இணை ஆய்வாளர்களோடு இதை எண்ணிப் பார்த்திருக்கிறார். வசதி குறைந்த நாடுகளின் கருவிப் பட்டியல்களை அலசி 2011-ல் வெளியான ஆய்வில், சராசரியாக 38.3 சதவீதக் கருவிகள் வேலை செய்யாமல் கிடந்தன. 2010-ல் வெளியான இன்னோர் ஆய்வு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது: பழுதாகிக் கிடந்தவற்றில் 66 சதவீதத்தை 107 அடிப்படைத் திறன்களை வைத்தே மீண்டும் ஓட வைக்க முடியும் என்றது. ஃபியூஸ் மாற்றுவது, பிளக் கட்டுவது, அடைப்பு எடுப்பது போன்றவை. இங்கே நாங்கள் அப்ரண்டிஸ் பையன்களுக்கு முதல் மாதம் சொல்லித் தருவதுதான். ஐ.டி.யிலிருந்து போகிறவர்களும் ஒரு வாரம் ஏதாவது எலக்ட்ரிக் கடையில் உட்கார்ந்து பிளக் கட்டவும் சால்டரிங் பிடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

நன்கொடைக் கருவிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 110 வோல்ட் ஊரிலிருந்து வந்த மானிட்டர் ஒன்றை யாரோ ஆசையாக 230-ல் சொருகியதில் என்ன மிஞ்சியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் சொந்தப் போன், லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். கரண்டை விட என்னைப் பாடாய்ப் படுத்தியது ஓடிபி. பேங்க், இமெயில் எல்லாம் இந்திய நம்பருக்குத்தான் ஓடிபி அனுப்பும். ரோமிங் சிக்னல் இல்லாத ஊரில் அந்த சிம் வெறும் பிளாஸ்டிக் துண்டு. லாகின் செய்ய முடியாமல் நான்கு நாள் சொந்தப் பணத்தைத் தொட முடியாமல் இருந்தேன். கிளம்பும் முன்பே சிம் இல்லாமல் போனிலேயே லாகின் எண்ணைக் காட்டும் அதென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்ற முடிந்ததை மாற்றுங்கள். ரெக்கவரி கோடுகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேங்கை மாற்ற முடியாது என்றால் கையில் ரொக்கம் இருக்கட்டும். விண்டோஸ் அப்டேட்டைப் போகும் முன் முடித்துவிட்டு, அங்கே இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்து வையுங்கள். இல்லையென்றால் மாதத்துக்கு வாங்கிய டேட்டா ஓர் இரவில் ஆவியாகிவிடும். சர்வீஸ் மேனுவல், பாடக் குறிப்பு, மொழி அகராதி எதுவானாலும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்பது நடக்காது. பென்டிரைவ் கைமாறும் இடமெல்லாம் வைரஸும் மாறும். கொடுப்பதற்கு ஒன்று, உங்களுக்கு மட்டும் ஒன்று என இரண்டு வையுங்கள்.

கிளம்பும் நாள் வந்தது. என் கருவிப் பெட்டியை பம்போவிடம் கொடுத்துவிட்டு வர முடிவு செய்திருந்தேன். மல்டிமீட்டர் இரண்டு இருந்தது. ஒன்று பெரிய கம்பெனியுடையது, பல வருடச் சம்பளத்தில் ஆசையாக வாங்கியது. மற்றது ஊரில் எண்ணூறு ரூபாய்க்கு எடுத்தது. பெரியதை அவர் கையில் வைத்தேன். டிஸ்ப்ளேயைக் கூடப் பார்க்கவில்லை. திருப்பிப் பின்மூடியின் திருகைக் கழற்றினார். உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி. அந்த ஊர்க் கடைகளில் கிடைக்காத சரக்கு. மூடியைப் பழையபடி மாட்டி என்னிடம் தந்துவிட்டு மற்றதைத் திறந்து பார்த்தார். இரண்டு பென்சில் செல்.

அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.