டிஏ-ஐஎன் (ta-IN): மொழியைக் குறிக்கற கோட்-ஐ சாஃப்ட்வேர் எப்படி படிக்குது?

பிரவுசர் ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போது எந்த மொழி வேணும்னு சொல்ற ஒரு மொழி கோட்-ஐயும் சேத்துத்தான் சர்வருக்கு அனுப்பும். இந்தியத் தமிழ்னா டிஏ-ஐஎன், இலங்கைத் தமிழ்னா டிஏ-எல்கே. இதுக்கான ஸ்டாண்டர்ட் பேரு பிசிபி 47. கோட்-ஐ எப்படி எழுதணும்ங்கறது ஆர்எஃப்சி 5646ங்கற இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் ஆவணத்துல (2009) இருக்கு, எப்படி பொருத்திப் பாக்கணும்ங்கறது ஆர்எஃப்சி 4647ல (2006) இருக்கு.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம், எந்தத் துண்டு என்னன்னு லேபிளே கிடையாது, நீளமும் இடமும் வெச்சே கண்டுபிடிச்சிடலாம். முதல்ல வர்ற 2 இல்ல 3 ஆங்கில எழுத்து மொழி, அப்புறம் 4 எழுத்து வந்தா அது லிபி, 2 எழுத்தோ 3 இலக்கமோ வந்தா நாடு இல்ல பகுதி (419னா லத்தீன் அமெரிக்கா), அதுக்கும் பின்னாடி 5ல இருந்து 8 எழுத்து வரைக்கும் வந்தா அந்த மொழியோட ஒரு தனி வகை. ஒத்தை எழுத்து வந்தா எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் விவரம், ஆரம்பிக்குதுன்னு அர்த்தம், யு போட்டு அதுக்கப்புறம் எண் வகையைக் குடுத்தா தேதியை ௧, ௨, ௩னு தமிழ் எண்ல கூட காட்டச் சொல்லலாம். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது.

படிக்கறது ஈஸி, பொருத்தறதுதான் தலைவலி. நிறைய பேரு ஒரு கோட் இன்னொன்னோட ஆரம்பத்துல இருக்கான்னு மட்டும் ஸ்ட்ரிங்கா (வெறும் எழுத்து வரிசையா) பாத்து விட்டுடுவாங்க. டிஇ-டிஇன்னா ஜெர்மனில பேசற ஜெர்மன், டிஇ-டிஇவிஏன்னா தேவநாகரி லிபில எழுதின ஜெர்மன், ஸ்ட்ரிங்கா பாத்தா ரெண்டும் பொருந்திடும்! துண்டு முடியற இடத்துலதான் வெட்டிப் பாக்கணும், ஆர்எஃப்சிலயே இதே உதாரணம் இருக்கு.

கேட்டது அப்படியே இல்லைன்னா லுக்கப்ங்கற முறைல கடைசித் துண்டை ஒண்ணொண்ணா கழட்டிக்கிட்டே வரணும். டிஏ-எல்கே இல்லையா, டிஏ குடு, அதுவும் இல்லையா, டிஃபால்ட் மொழி. தமிழுக்கு இது போதும். ஆனா தைவான்காரர் இசட்எச்-டிடபிள்யூன்னு கேக்கறாரு, வாலை வெட்டினா மிச்சம் வெறும் இசட்எச், அதுல பெரும்பாலும் இருக்கறது சீனாவோட எளிமையாக்கின எழுத்து, அவருக்கு வேண்டியது பழைய முழு எழுத்து. பக்கத்துலயே ஹாங்காங்குக்காக அந்த முழு எழுத்துல செஞ்ச மொழிபெயர்ப்பு இருந்தாலும் லுக்கப் அதைத் திரும்பிக்கூடப் பாக்காது.

இதுக்கு, உலக மொழி எழுத்துக்களுக்கு ஸ்டாண்டர்ட் போடற யூனிகோட்காரங்களோட சிஎல்டிஆர்ங்கற மொழி-நாட்டு டேட்டால ஒரு வழி இருக்கு: வெட்டறதுக்கு முன்னாடி, விட்டுப்போனதை முதல்ல நிரப்பு. தைவான்னா பெரும்பாலும் முழு எழுத்துதான்னு அங்க ஒரு பட்டியல் இருக்கு, அதை வெச்சு லிபித் துண்டைச் சேத்துட்டு அப்புறம் தேடினா சரியா வரும். வெறும் டிஏன்னு குடுத்தாலும் தமிழ் லிபி, இந்தியான்னு நிரப்பிக்கும். மெக்சிகோ ஸ்பானிஷ் கேட்டா நேரா ஸ்பெயினோடதுக்குப் போகாம நடுவுல 419ஐ எட்டிப் பாக்கும். வெறும் வாலை வெட்டற புரோகிராம் எழுதறதுக்கு பதிலா இந்த டேட்டாவை வெச்சிருக்கற ரெடிமேட் புரோகிராம் லைப்ரரியையே எடுத்துக்கறது புத்திசாலித்தனம்.

பழைய கோட்களோட கதை வேற. ஹீப்ரு மொழிக்கு முன்னாடி ஐடபிள்யூன்னு இருந்துச்சு, 1989ல எச்இன்னு மாத்தினாங்க, ஆனா ஒருதடவை பதிவான கோட்-ஐ ரெஜிஸ்ட்ரில (கோட்களோட பதிவுப் பட்டியல்ல) இருந்து தூக்கவே மாட்டாங்க, பக்கத்துல புதுசு எதுன்னு எழுதி வெச்சிடுவாங்க. ஜாவாங்கற புரோகிராமிங் மொழி 17வது வெர்ஷனுக்கு முன்னாடி வரைக்கும் அதைக் கண்டுக்கவே இல்ல, நீங்க எச்இன்னு குடுத்தாலும் உள்ள ஐடபிள்யூன்னு மாத்தி வெச்சுக்கிட்டிருந்துச்சு.