காரை மேட்டில் ஒரு கல்லின் வயது

"இது ஒன்பது, பத்துக் கோடி வருஷத்துக் கல்லுன்னு எப்படி சார் தெரியும்?"

பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு முதலாண்டு நிலவியல் மாணவர்களை அழைத்துப் போகும்போது யாராவது இதைக் கேட்டுவிட வேண்டும் என்று காத்திருப்பேன். போன முறை ஒரு மாணவி கேட்டாள். பூமியின் வரலாற்றைக் காலக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் நிலவியல் கால அட்டவணையை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிட்டால் இந்தக் கேள்வி எழாது. அதனால் நான் அதை முதலில் காட்டுவதே இல்லை.

காரையில் மழை அரித்த களிமண் மேடுகள். நடுநடுவே வெயிலில் மினுங்கும் ஜிப்சம் தகடுகள். முதலில் வயதை மறந்துவிட்டு வரிசையைப் பார்க்கச் சொல்வேன். அடியில் இருக்கும் அடுக்கு முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. 1669இல் டென்மார்க்கைச் சேர்ந்த அறிஞர் ஸ்டெனோ எழுதிவைத்த விதி இது. சரி, ஜிப்சம்? அது களிமண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. துணி இல்லாமல் கிழிசல் ஏது? களிமண்தான் மூத்தது.

அப்புறம் தரையில் கிடக்கும் புதைபடிவங்களைப் பார்ப்போம். துப்பாக்கிக் குண்டு போலக் கிடப்பவை பெலெம்னைட்டுகள், கணவாய் மீனின் தூரத்து உறவுகள். சுருள் சுருளாக இருப்பவை அம்மோனைட்டுகள், அழிந்துபோன கடலுயிர்களின் ஓடுகள். பூஜை அறையில் சாளக்கிராமம் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நேபாளத்திலிருந்து வரும் அவை காரையைவிட மூத்த அம்மோனைட்டுகள். இந்த உயிர்கள் பல கடல்களில் பரவி வாழ்ந்தன. ஓட்டின் வடிவமோ சில லட்சம் ஆண்டுகளிலேயே மாறிவிடும். ஒரே வகை ஓடு இரண்டு கண்டங்களில் கிடைத்தால் அந்த அடுக்குகள் ஏறக்குறைய ஒரே காலத்தவை.

ஆனால் 'கோடி' என்ற எண் எங்கிருந்து வருகிறது? களிமண்ணை அளந்து பயனில்லை. இடித்த வீட்டின் செங்கல்லில் புது வீடு கட்டினால், செங்கல்லின் வயது வீட்டின் வயதாகுமா? இந்தக் களிமண்ணும் மணலும் பழைய பாறைகள் தேய்ந்து வந்தவை.

எரிமலைச் சாம்பல் அப்படியல்ல. வெடிப்பை ஒட்டி உருவான சிர்க்கான் படிகங்கள் அதில் இருக்கும். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் ஒதுக்கிவிடும். பிறகு அதற்குள் சேரும் ஈயமெல்லாம் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம்-238இல் பாதி சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். எனவே இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும்.

வட அமெரிக்காவின் மேற்கில் அம்மோனைட் அடுக்குகளுக்கு நடுவிலேயே இத்தகைய சாம்பல் படிந்திருக்கிறது. அங்கே அளந்துதான் அட்டவணையில் அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டங்களில் செனோமேனியன் காலம் முடிந்து டுரோனியன் தொடங்கியது 9 கோடியே 39 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று கணித்திருக்கிறார்கள். அந்த எல்லை காரைக் களிமண்ணுக்குள்ளும் ஓடுகிறது. கொலராடோவில் அளந்த எண்ணை அம்மோனைட்டுகள் நம் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இந்த இடத்தில் சிலிர்க்கும்.

இதற்குப் பிறகுதான் அட்டவணையைத் தரையில் விரித்தேன். கேள்வி கேட்ட மாணவி கையிலிருந்த பெலெம்னைட்டைச் செனோமேனியன் கட்டத்தின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.