‘ரெக்கன்சிலியேஷன்’ மசோதா நல்லிணக்க மசோதா ஆகாது

அமெரிக்க நாடாளுமன்றத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் செய்திகளிலும் கட்டுரைகளிலும் ‘நல்லிணக்க மசோதா’, ‘சமரச நடைமுறை’ என்ற தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் 2010இல் நிறைவேறிய வரலாற்றை எழுதுவோரும், 2017இல் அதை நீக்க நடந்த முயற்சியை விவரிப்போரும் ‘ரெக்கன்சிலியேஷன்’ என்ற சொல்லுக்கு இவற்றையே கையாளுகிறார்கள். இது வெறும் சொல்நயக் குறை அன்று. நடந்ததற்கு நேர்மாறான ஒன்றை வாசகர் நம்பும்படி செய்துவிடுகிறது.

சொல்லின் வேர் லத்தீன். மீண்டும் ஒன்றுசேர்த்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். அதிலிருந்து இரண்டு பொருள்கள் கிளைத்தன. பகைத்துப் பிரிந்தவர்களை உறவாக்குவது ஒன்று. ஒத்துப்போகாத இரண்டு கணக்குகளைப் பொருத்திச் சரிசெய்வது மற்றொன்று. அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டு வரவுசெலவுச் சட்டம் இச்சொல்லை ஆளுவது இரண்டாவது பொருளில் மட்டுமே. இரு அவைகளும் ஏற்கும் வரவுசெலவுத் தீர்மானம் ஓர் இலக்கை வகுக்கிறது. இன்னின்ன குழுக்கள் தம் பொறுப்பிலுள்ள சட்டங்களைத் திருத்தி இவ்வளவு செலவைக் குறைக்க வேண்டும், இவ்வளவு வருவாயைக் கூட்ட வேண்டும் என்று பணிக்கிறது. நடப்பிலுள்ள சட்டங்களை அந்த இலக்கோடு பொருந்தச் செய்வதுதான் ‘ரெக்கன்சிலியேஷன்’. மனிதர்களுக்கு இடையேயான இணக்கத்துக்கு அதில் இடமே இல்லை.

‘நல்லிணக்கம்’ எப்படி உள்ளே வந்தது என்பது புரியாததல்ல. தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2010இல் இலங்கையில் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு ஆகியவற்றின் வழியாக அது தமிழில் வேரூன்றிவிட்டது. போருக்கும் ஒடுக்குமுறைக்கும் பிறகு மக்கள் மீண்டும் சேர்ந்து வாழ்வதைப் பேசும் இடத்தில் அது பொருத்தமான சொல். செனட் சபையின் வரிக் கணக்குக்கு அதைத் தூக்கிவந்து வைப்பது பொருளைப் பார்க்காமல் அகராதியின் முதல் வரியைப் படியெடுக்கும் பழக்கம்.

‘சமரசம்’ இதைவிடத் தீங்கானது. செனட்டில் ஒரு மசோதாவின் மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 100 பேரில் 60 பேரின் ஆதரவு வேண்டும். எதிர்க்கட்சியோடு சமரசம் பேச வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. ‘ரெக்கன்சிலியேஷன்’ மசோதாவுக்கோ விவாதம் 20 மணி நேரத்தோடு முடிகிறது. சாதாரணப் பெரும்பான்மை போதும். எதிர்க்கட்சியின் ஒரு வாக்குகூட இல்லாமல் சட்டம் இயற்ற வழிவிடும் நடைமுறைக்குச் சமரசம் என்று பெயரிட்டால், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்தான் மிஞ்சும்?

2009–10இல் மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகும். சமரச முயற்சி இல்லாமல் இல்லை. செனட்டர் மேக்ஸ் பாக்கஸ் தலைமையில் மூன்று ஜனநாயகக் கட்சியினரும் மூன்று குடியரசுக் கட்சியினரும் மாதக்கணக்கில் பேசினார்கள், முடிவு எட்டப்படவில்லை. பிறகு நடந்த விட்டுக்கொடுப்புகள் ஆளும் ஜனநாயகக் கட்சி அணிக்குள்ளேயே நடந்தவை. செனட்டர் ஜோ லீபர்மனின் எதிர்ப்பால் அரசே நடத்தும் காப்பீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. செனட்டர் பென் நெல்சனின் வாக்குக்காக அவருடைய நெப்ராஸ்கா மாநிலத்துக்கு மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) செலவில் தனிச்சலுகை தரப்பட்டது. 2009 டிசம்பர் 24 அன்று மசோதா 60க்கு 39 என்ற கணக்கில் செனட்டில் நிறைவேறியபோது குடியரசுக் கட்சியினர் ஒருவரும் ஆதரிக்கவில்லை. 2010 ஜனவரி 19 அன்று, எட்வர்ட் கென்னடி மறைந்ததால் நடந்த மாசசூசெட்ஸ் இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் வென்றார். அறுபதாவது வாக்கு கைவிட்டுப் போயிற்று.

இரு அவைகளின் வடிவங்களையும் ஒன்றாக்கி மறுபடி செனட்டுக்கு அனுப்பும் வழி அத்தோடு அடைபட்டது. பிரதிநிதிகள் சபை செனட்டின் மசோதாவை ஓர் எழுத்தும் மாற்றாமல் மார்ச் 21 அன்று 219க்கு 212 என்று ஏற்றது. தான் விரும்பிய திருத்தங்களைத் தனியே ஒரு ‘ரெக்கன்சிலியேஷன்’ மசோதாவில் வைத்தது. நெப்ராஸ்காவின் தனிச்சலுகை நீங்கியது, காப்பீட்டு மானியம் கூடியது, மாணவர் கடன் முறை மாறியது ஆகியவை இந்த இரண்டாவது மசோதாவில் அடங்கியவை. செனட் அதை 56க்கு 43 என்று நிறைவேற்றியது. இங்கேயும் குடியரசுக் கட்சியினரின் வாக்கு ஒன்றும் இல்லை. இதைத்தான் ‘சமரச மசோதா’ என்று எழுதுகிறார்கள். படிக்கும் மாணவர் இரு கட்சிகளும் கூடி இயற்றிய சட்டம் என்று எண்ணினால் பிழை அவருடையதன்று.

சிலர், இரு அவைகளின் மசோதாக்களை இணக்கப்படுத்துவதைத்தான் சொல்கிறோம் என்று வாதிடுவர். அதுவும் பொருந்தாது. அந்தப் பணிக்கு இரு அவை உறுப்பினரும் கலந்த கூட்டுக்குழு தனியே உண்டு. 2010இல் இந்த வழி தேவைப்பட்டதே அக்குழுவை நாட முடியாமல் போனதால்தான்.

தனித்தமிழில் பற்றுள்ளோர் ‘ஒப்புரவாக்கம்’ என்பதை முன்வைக்கிறார்கள். தமிழ்ச் சொல்லை நாடும் அவர்கள் விருப்பம் எனக்கும் உண்டு. ஆனால், ஒப்புரவறிதல் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் பேசுவது ஊருக்குப் பயன்பட வாழும் பண்பை. கத்தோலிக்கத் திருச்சபையின் தமிழில் ஒப்புரவு என்பது பாவ அறிக்கை செய்து இறைவனோடு உறவைப் புதுப்பிக்கும் அருட்சாதனம். தூய்மை மட்டும் பார்த்துப் பொருளைக் கைவிட்டால் வடசொல்லை நீக்கியதால் ஒரு பயனும் இல்லை.

உரிய சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடநூலில், வங்கி ஏட்டையும் ரொக்க ஏட்டையும் ஒப்பிட்டு வேறுபாட்டை விளக்கும் பட்டியலுக்கு ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ என்று பெயர். ஆங்கிலத்தில் அங்கேயும் இதே ‘ரெக்கன்சிலியேஷன்’தான். வணிகவியல் படித்த எவருக்கும் பழகிய சொல். ஆகவே ‘வரவுசெலவுச் சரிகட்டல்’ என்பதே என் துணிபு. ஆளைச் சரிக்கட்டுதல் என்ற பேச்சுவழக்கு நினைவுக்கு வரும் என்ற தடை எழலாம். ‘வரவுசெலவு’ என்ற முன்சொல் அந்த ஐயத்தை நீக்கிவிடும். அதை விடாமல் எழுதுவது நல்லது.

இன்னொரு நன்மையும் உண்டு. செனட்டர் ராபர்ட் பேர்ட் பெயரால் வழங்கும் விதி, வரவையோ செலவையோ தொடாத பிரிவுகளை இத்தகைய மசோதாவிலிருந்து நீக்க இடம் தருகிறது. நல்லிணக்கம் என்று படித்த வாசகருக்கு இந்த விதி விளங்காத புதிராகவே இருக்கும். சரிகட்டல் என்று படித்தவருக்குக் கணக்கில் சேராதது ஏன் கழிக்கப்படுகிறது என்பது உடனே புலப்படும்.

2017 ஜூலை 28 அதிகாலையில், ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கக் குடியரசுக் கட்சி கொண்டுவந்த முயற்சி 49க்கு 51 என்று தோற்றதும் இதே நடைமுறையின் கீழ்தான். ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி ஆகிய மூவர் சொந்தக் கட்சியை எதிர்த்து வாக்களித்தனர். 2025 ஜூலை 1 அன்று மெடிக்கெய்ட் செலவைக் குறைக்கும் பிரிவுகள் அடங்கிய மசோதா 50க்கு 50 என்று நின்று, துணைக் குடியரசுத் தலைவர் வான்ஸின் வாக்கால் நிறைவேறியதும் அவ்வாறே. இத்தகைய செய்தியை எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் ‘வரவுசெலவுச் சரிகட்டல் மசோதா’ என்று தொடங்கி, 60 வாக்குகள் தேவைப்படாத வழி இது என்று முதல் முறை ஒரு வரி சேர்த்தால் போதும்.