ஸ்பீடு குறையவில்லை, வரிசைதான் நீளம்

எங்கள் வீடு மதுரை திருப்பாலையில். தம்பி கல்யாண வீடியோ எடுப்பவன். முகூர்த்த நாள் முடிந்த இரவு, எடுத்ததையெல்லாம் சென்னை எடிட்டருக்கு அப்லோடு போடுவான். அப்பா சிங்கப்பூரில் இருக்கும் அக்காவோடு வீடியோ காலில் பேசுவதும் அதே நேரத்தில்தான். அக்காவின் முகம் அப்படியே நின்றுபோகும், குரல் துண்டு துண்டாக வரும். "இந்தக் கருமத்துக்கா மாசாமாசம் காசு கட்டுற?" என்று அப்பா என் மேல் பாய்வார்.

இன்டர்நெட் லைன் பார்க்க வந்தவர் ஸ்பீடு டெஸ்ட் ஓடவிட்டு, "ஃபுல்லா வருதேண்ணே" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அப்லோடு ஓடாதபோது பிங் போட்டேன்: ஒரு பாக்கெட், அதாவது இணையத்தில் போகும் சின்னத் தரவுத் துண்டு, சென்னை போய்த் திரும்ப 14 மில்லிவினாடி. அப்லோடு ஓடும்போது 1,200.

கணக்கு எளிது. எங்கள் அப்லோடு வினாடிக்கு 10 மெகாபிட். ஒரு பாக்கெட் பொதுவாக அதிகபட்சம் 1,500 பைட். உடனே வெளியே போக முடியாத பாக்கெட்டுகளை ரவுட்டர் தன் நினைவகத்தில் வரிசையில் நிறுத்தும். பல ரவுட்டர்களுக்குள் ஓடும் லினக்ஸில் அந்த வரிசைக்கு நெடுங்காலமாக வழக்கத்திலிருந்த நீளம் 1,000 பாக்கெட். மொத்தம் 1.2 கோடி பிட். 10 மெகாபிட் வழியில் அது வடிய 1.2 வினாடி ஆகும். அப்பாவின் குரல் அந்த வரிசையின் வாலில் நின்றுகொண்டிருந்தது.

வரிசை ஏன் எப்போதும் நிரம்பியே கிடக்கிறது? கம்ப்யூட்டரிலிருந்து பாக்கெட்டுகளை அனுப்பும் விதிமுறைக்கு டிசிபி என்று பெயர். அதற்குப் பாதையின் அகலம் தெரியாது. பதில் வர வர வேகத்தைக் கூட்டும். வரிசை நிரம்பி பாக்கெட் ஒன்று தொலைந்தால்தான் நெரிசல் என்று புரிந்துகொண்டு குறைக்கும். இந்தப் பழக்கம் பட்டறிந்து வந்தது. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் 400 கெஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வினாடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த வேகம் வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-ல் எழுதிய வைத்தியம்தான் இன்றும் டிசிபிக்கு அடிப்படை.

பிறகு நினைவகம் மலிவானது. பாக்கெட்டைத் தொலைப்பது பாவம் என்று நினைத்து, கருவி செய்பவர்கள் வரிசையை நீட்டிக்கொண்டே போனார்கள். கண்மாயை ஆழமாக வெட்டினால் மடையில் கூடுதலாகவா பாயும்? மடையின் வாய் அதேதான். கண்மாய் நிரம்பி மறுகால் போனால்தான் மேலே திறந்துவிடுகிறவனுக்குச் சேதி தெரியும்; பெரிய கண்மாயில் அந்தச் சேதி தாமதமாகப் போகிறது. கணினிப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் இந்த நோய்க்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார்.

நிரம்பும் முன்பே சில பாக்கெட்டுகளை உதிர்த்துவிடலாம் என்ற யோசனை 1993-லேயே வந்தது. சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் எழுதிய 'ரெட்' முறை அது. அதன் அளவுகளை இடத்துக்கு இடம் திருகிச் சரிசெய்வது பெரும்பாடு. 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் கொண்டுவந்த 'கோடெல்' கேள்வியையே மாற்றியது. வரிசையில் எத்தனை பேர் என்று அது எண்ணுவதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லிவினாடி முழுக்க 5 மில்லிவினாடிக்குக் கீழே இறங்காவிட்டால் ஒன்றை உதிர்க்கும். அப்படியும் இறங்காவிட்டால் அடுத்ததை இன்னும் சீக்கிரம் உதிர்க்கும். உதிர்ந்ததைத் தம்பியின் கம்ப்யூட்டர் மறுபடி அனுப்பிவிடும். வீடியோவில் ஒரு நொடியும் குறையாது.

இதோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி வரிசையும் சேர்ந்ததுதான் 'எஃப்க்யூ-கோடெல்'. எங்கள் தெரு இட்லிக் கடையில் ஒருவர் விசேஷத்துக்கு அறுபது இட்லி பார்சல் சொல்லிவிட்டு நிற்பார். ரெண்டு இட்லி கேட்டுச் சின்னப் பையன் வந்தால் கடைக்காரம்மா அவனுக்கு முதலில் கொடுத்து அனுப்பிவிடுவார். பார்சல்காரருக்கு அரை நிமிடம்கூடத் தாமதமில்லை. ஒரு வீடியோ அப்லோடு அறுபது இட்லி. அப்பாவின் அழைப்பு ரெண்டு இட்லி.

ஒரு சிக்கல் பாக்கி. வரிசை எப்போதும் குறுகலான இடத்தில்தான் சேரும். எங்கள் வீட்டில் அது கம்பெனி கொடுத்த மோடம், அதற்குள் நாம் கை வைக்க முடியாது. அதனால் எனது பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றி, அதில் எஃப்க்யூ-கோடெலை ஓடவிட்டு, மோடத்துக்கு முன்னால் வைத்து, வேகத்தை 9 மெகாபிட்டாக நானே கட்டினேன். குறுகல் என் கைக்கு வந்துவிட்டது. இதற்குப் பரவலான முறை 'டோக்கன் வாளி'. ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்புக்கு, இந்த நாளில் இத்தனை பேர் என்று டோக்கன் கொடுப்பார்களே, அந்த டோக்கன்தான். சீரான வேகத்தில் டோக்கன் சேரும். டோக்கன் இருந்தால் பாக்கெட் போகலாம், இல்லையென்றால் நிற்கணும். கொஞ்சம் மிச்சம் பிடித்திருந்தால் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்தே போகலாம்.

இப்போது அப்லோடு ஓடும்போதும் பிங் 20-ஐ ஒட்டியே நிற்கிறது. 6 ஜிபி வீடியோ போக முன்பு 80 நிமிடம், இப்போது 89. அந்த ஒன்பது நிமிடத்துக்காகத் தம்பி ஒரு வாரம் முனகினான்.

கரண்ட் போய் செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் இந்த 9 செல்லாது. அங்கே வேகம் நிமிடத்துக்கு ஒரு மாதிரி. அந்த இரவுகளில் அப்பா பேசி முடிக்கும்வரை தம்பி அப்லோடை நிறுத்திவைக்கிறான்.