ஞாயிறு மலை இறக்கம், செவ்வாய் தொடை வலி: ஓய்வு நாளைக் கணக்கிடுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சேலம் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் போகும் சாலையில் நின்று பார்த்தால், சைக்கிளிலும் நடையாகவும் ஏற்காட்டை நோக்கிப் போகிறவர்கள் கண்ணில் படுவார்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இரண்டு தரப்புக்குமே மூச்சு வாங்கும். இறங்கும்போது இரண்டு பேருமே பேசிக்கொண்டு வரலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் சைக்கிளில் போனவர் சாதாரணமாக மாடிப்படி இறங்குவார். நடந்து ஏறி நடந்தே இறங்கியவர், அதுவும் முதல் முறை போனவர் என்றால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார்.

அதே மலை, ஏறக்குறைய அதே உழைப்பு, ஆனால் இருவருக்கும் தேவைப்படும் ஓய்வு வேறு. வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி, எத்தனை நாள் ஓய்வு என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரு எண்ணைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். உடம்பில் எந்தப் பகுதி, எந்த மாதிரி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் ஓய்வைக் கணக்கிட முடியும்.

முதலில் அந்த நடைக்காரரின் தொடைக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 1,200 மீட்டர் மேலே ஏறினால், புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்யும் வேலை ஏறக்குறைய 760 கிலோஜூல். தசை தான் எரிக்கும் ஆற்றலில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கைத்தான் அசைவாக மாற்றும், மீதி வெப்பமாகப் போய்விடும். அதனால் உடம்பை உயர்த்துவதற்கு மட்டுமே 700 முதல் 900 கிலோகலோரி செலவாகிறது. மூச்சு வாங்குவதற்கு இது போதும். இப்போது அவர் கீழே இறங்குகிறார். அந்த 760 கிலோஜூல் எங்கேயாவது போயாக வேண்டும். சைக்கிளில் இறங்குபவருக்கு அதில் பெரும்பகுதி பிரேக்கிலும் காற்றிலும் வெப்பமாகக் கரைந்துவிடும். நடப்பவருக்கு பிரேக் அவருடைய தொடைத் தசைதான்.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை உயர்த்துகிறது. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால் சற்று மடங்க, அதே தசை இழுபட்டு நீண்டுகொண்டே விழும் எடையைத் தாங்குகிறது. கிணற்றுக்குள் கனமான குடத்தை இறக்கும்போது கயிற்றை விட்டுவிட்டுப் பிடிக்கிறோமே, அந்த மாதிரி வேலை. நீண்டுகொண்டே தாங்கும் தசைக்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் வேண்டும், அதனால் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் அந்த வேலைக்கு உடம்பு குறைந்த எண்ணிக்கையிலான இழைகளையே அழைக்கிறது. ஒவ்வொரு இழையின் மேலும் விழும் இழுவிசை அதிகம். இழைக்குள் அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணிய சுருங்கு அலகுகளில் சில அளவுக்கு மீறி நீண்டு, ஒழுங்கு குலைந்து போகின்றன. அதைச் சரிசெய்ய நோயெதிர்ப்புச் செல்கள் வந்து சேர்கின்றன, வீக்கம் உண்டாகிறது, வலி நரம்புகள் கூர்மையாகின்றன. இதெல்லாம் உடனே நடப்பதில்லை. வலி மெல்லத் தலைகாட்டி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடுகிறது. ஞாயிறு இறங்கியவருக்கு செவ்வாய் வலிப்பது இதனால்தான்.

இந்த வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று பல ஜிம்களில் இன்னும் சொல்கிறார்கள். இது 1983இலேயே சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். சமதளத்தில் ஓடியவர்களுக்கு ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம் ரத்தத்தில் இருக்கும் வடிவம்) ஏறியது, பின்னால் வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறவே இல்லை, ஆனால் அடுத்தடுத்த நாட்களில் வலி வந்தது. ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனால் லாக்டேட் பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டு நாள் கழித்து வலியைக் கொடுக்க அது அங்கே இருப்பதில்லை.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழ்பவர்கள் தலைச்சுமையோடு சரிவுகளில் தினமும் இறங்குகிறார்கள். அவர்களுக்கு இந்த செவ்வாய்க்கிழமைத் தொல்லை இல்லை. வலிமை ஒரு காரணம் என்றாலும், முக்கியமானது வேறு. இழுபட்டுத் தாங்கும் வேலையை ஒரு முறை செய்த தசை, அடுத்த சில வாரங்களுக்குள் அதையே மறுபடி செய்தால் மிகக் குறைவாகவே சேதமாகிறது. ஒரே ஒரு முறை இறங்கினால்கூட இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஆகவே ஏற்காட்டுக்கு நடந்து போய்வரத் திட்டமிடுபவர், இரண்டு மூன்று வாரம் முன்பே மாடிப்படிகளிலோ சிறு குன்றுகளிலோ கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகுவது நல்லது. எல்லோரும் ஏறித்தான் பழகுகிறார்கள், இறங்கிப் பழக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, வலி போனதும் மறுபடி ஆரம்பிக்கலாமா? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பழக்கமில்லாத கடுமையான இறக்கத்துக்குப் பிறகு தசையின் பலம் குறைகிறது. வலி நான்கைந்து நாளில் அடங்கிவிடும், பலம் முழுதாகத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். வலி இல்லாததால் மட்டும் தசை சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அதேபோல, வலி வரவில்லை என்பதற்காகப் பயிற்சி வீண் என்றும் சொல்ல முடியாது. வழக்கமாகத் தூக்கும் எடையை வழக்கமான எண்ணிக்கையில் தூக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான அளவுகோல்.

தசையைத் தவிர வேறு பல பகுதிகளும் தங்கள் தங்கள் வேகத்தில் மீள்கின்றன. வேகமாக மீள்வது எரிபொருள். சாப்பிடும் மாவுச்சத்து கிளைகோஜனாகத் தசையில் சேமிக்கப்படுகிறது. கடுமையான பயிற்சியில் தீர்ந்துபோகும் இந்தச் சேமிப்பு, போதுமான அளவு சோறோ இட்லியோ சாப்பிட்டால் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் நிரம்பிவிடும். 1966இல் ஸ்வீடனில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் உடம்பிலேயே ஒரு அருமையான சோதனை செய்தார்கள். ஆளுக்கு ஒரு காலால் மட்டும் சைக்கிள் மிதித்து அந்தக் காலின் கிளைகோஜனைத் தீர்த்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவு சாப்பிட்டார்கள். மிதித்த காலில் சேமிப்பு மிதிக்காத காலைப்போல இரண்டு மடங்கு ஆனது. உணவு இரண்டு கால்களுக்கும் பொதுதான், ரத்தமும் ஒன்றுதான். உழைத்த தசை மட்டும்தான் முன்பைவிட அதிகமாகச் சேர்த்துக்கொண்டது. பயிற்சிக்குப் பின் உடம்பு ஏன் பழைய நிலையைத் தாண்டிப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு கூடுதல் செய்தி: இழுபட்டுச் சேதமான தசை கிளைகோஜனை மெதுவாகத்தான் நிரப்புகிறது. அதனால் மலையை நடந்து இறங்கியவருக்கு ஒரு நாள் போதாமல் போகலாம்.

அடுத்தது தசைப் புரதம். எடைப் பயிற்சி முடிந்த பிறகு தசையில் புதிய புரதம் கட்டப்படும் வேகம் கூடுகிறது. 1995இல் பயிற்சி பெற்ற இளைஞர்களின் புஜத் தசையில் அளந்தபோது, 24 மணி நேரத்தில் இந்த வேகம் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது, 36 மணி நேரத்தில் கிட்டத்தட்ட இறங்கிவிட்டது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இது இரண்டு நாள் வரை நீள்கிறது. திங்கட்கிழமை நெஞ்சுக்கு மட்டும், செவ்வாய் முதுகுக்கு மட்டும் என்று ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் ஒரே ஒரு நாள் ஒதுக்கும் முறை அவ்வளவு சிறப்பாக இல்லாததற்கு இது ஒரு விளக்கம். கட்டுமானம் இரண்டு நாளில் முடிந்துவிட்டால் மீதி ஐந்து நாள் அந்தத் தசை சும்மா இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு தசையை வாரத்துக்கு இரண்டு முறை வேலை வாங்குவது ஒரு முறையைவிட நல்ல பலன் தந்திருக்கிறது. மொத்த செட்களின் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்) எண்ணிக்கையைச் சமமாக வைத்துவிட்டால் எத்தனை நாளாகப் பிரிக்கிறோம் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக மீள்பவைதான் அதிகம் கவனிக்க வேண்டியவை. தசையை எலும்போடு கட்டும் நாண்களில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. பயிற்சி முடிந்த முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை அங்கே கட்டுமானத்தைவிடச் சிதைவு அதிகம். அதற்குப் பிறகுதான் கணக்கு லாபத்துக்குத் திரும்புகிறது. தினமும் அதே நாணை அதே அளவு வருத்தினால் நஷ்டத்தின் மேல் நஷ்டம் ஏறுகிறது. குதிகாலுக்கு மேலும் முழங்கால் சிப்பிக்குக் கீழும் வரும் தீராத வலிகள் பெரும்பாலும் இப்படி வளர்பவை. எலும்பு இன்னும் மெதுவானது. புதிய சுமைக்கு ஏற்ப எலும்பு முதலில் பழைய பகுதியைத் தோண்டி எடுத்து, பிறகு புதிதாக நிரப்புகிறது. இந்தச் சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். தோண்டும் கட்டத்தில் எலும்பு தற்காலிகமாகப் பலவீனமாக இருக்கிறது.

காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். தேர்வு அறிவிப்பு வந்ததும் சேலம் காந்தி ஸ்டேடியத்திலும் ஊர் ஊருக்கு இருக்கும் மைதானங்களிலும் அவர்கள் திடீரென்று தினமும் ஓட ஆரம்பிக்கிறார்கள். இதயமும் தசையும் மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும், நன்றாக ஓட வருகிறது என்ற நம்பிக்கை வரும். எலும்பு அப்போதுதான் தோண்டும் கட்டத்தில் இருக்கும். கணைக்கால் எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் வலி, ஓடும்போது கூடும் வலி, ராத்திரியிலும் விடாத வலி என்றால் கீறல் விழ ஆரம்பித்திருக்கலாம். ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுநாள் ஓடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓடி, நடுநாட்களில் சைக்கிள் அல்லது நீச்சல் வைத்துக்கொண்டால் இதயத்துக்கான பயிற்சியும் குறையாது, எலும்புக்கு மோதலும் இருக்காது.

இன்னொரு விஷயம், ஓய்வு நாள் என்று நாட்காட்டியில் குறித்துவிட்டால் போதாது. சேலம் லீ பஜார் சந்தையில் நாள் முழுக்க மூட்டை இறக்குபவர், விசைத்தறியில் நின்றபடியே ஷிப்ட் பார்ப்பவர், சித்தாள் வேலைக்குப் போகும் பெண், இவர்களுடைய உடம்புக்கு ஜிம் எடை, தொழில் எடை என்ற பிரிவினை கிடையாது. மூட்டையை லாரியிலிருந்து இறக்குவதும் இழுபட்டுத் தாங்கும் வேலைதான். அப்படிப்பட்டவர் வாரத்தில் இரண்டு நாள் எடைப் பயிற்சி செய்தாலே ஏராளம். அதையும் வேலை லேசான நாளில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு நாள் அட்டவணையைச் செல்போனில் பார்த்து அப்படியே பின்பற்றுவது அவருக்குக் கேடு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கோ, ஓய்வு நாளிலும் அரை மணி நேரம் நடந்தால் இறுக்கம் குறையும். வயது வந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. உடலுழைப்பு வேலை செய்யும் பலருக்கு அது ஏற்கெனவே வேலையிலேயே நிறைவேறிவிடுகிறது.

தூக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தின் முதல் பகுதியில். இரவு ஷிப்ட் முடித்து மூன்று மணி நேரம் தூங்கியவர் அன்று பயிற்சியை ஒத்திவைப்பதே சரி. சித்திரை, வைகாசி வெயிலிலும் இதே கவனம் வேண்டும். தோலைக் குளிர்விக்க ரத்தம் திரும்பிவிடுவதால், அதே வேகத்தில் ஓட இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. அதை இன்னொரு பயிற்சியாகவே கணக்கில் எடுங்கள்.

ஓய்வெடுத்தால் சேர்த்ததெல்லாம் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நன்கு பயிற்சி பெற்றவர்கள் முற்றிலும் நிறுத்திய ஒரு ஆய்வில், மூன்று வாரத்தில் அவர்களின் உச்ச ஆக்சிஜன் திறன் (முழு உழைப்பில் உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு) 7 சதவீதம்தான் குறைந்தது, அதுவும் பெரும்பாலும் ரத்தத்தின் அளவு குறைந்ததால். தசைபலம் இரண்டு மூன்று வாரத்துக்குப் பெரிதாகக் குறைவதில்லை. வீட்டில் கல்யாணம், காய்ச்சல் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் குறைத்து ஆரம்பித்தால் போதும்.

அப்படி ஈடுகட்டப் போய், அல்லது முதல் நாளே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டு, தசை பெருமளவில் சிதைந்தால் அதன் உள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். கடும் பயிற்சிக்குப் பிறகு ஓரிரு நாளில் தசை கல்லாக வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், வலி குறையட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.